பனிமூட்டமும் பறக்கும் பட்டமும்: இத்தாலிய வாள்–மந்திரப் படங்கள் குறித்து ஓர் ஆய்வு

1980களின் தொடக்கத்தில் இத்தாலியர்கள் எடுத்துத் தள்ளிய வாள்–மந்திரப் படங்களே இவ்வாய்வின் களம். இவற்றில் நாயகனுக்குச் சட்டை இல்லை. தயாரிப்பாளரிடம் காசு இல்லை. இவ்விரண்டுக்கும் தொடர்புண்டா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

1982இல் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரின் 'கோனன் தி பார்பேரியன்' வந்தது. அதே ஆண்டிலேயே ஜோ டமாட்டோ 'ஆட்டோர்' என்ற வீரனை இறக்கிவிட்டார். (பெயரை நம்பி வேகம் எதிர்பார்க்க வேண்டாம்.) ஒன்று ஓடினால் அதே தினுசில் ஒன்பது எடுப்பதை இத்தாலியில் 'ஃபிலோனே' என்பார்கள், ஓடை என்று கொள்க. 1958இல் ஸ்டீவ் ரீவ்ஸின் 'ஹெர்குலிஸ்' ஓடியபோதும் இதுவே நடந்தது. அந்த ஓடை வற்றியதும் கூட்டமாகக் குதிரையேறி கௌபாய்ப் படங்களுக்குப் போனார்கள்.

'ஆட்டோர்' படத்தை இயக்கியவர் டேவிட் ஹில்ஸ் என்கிறது டைட்டில். அவர் யார் எனின், ஜோ டமாட்டோ. அவர் யார் எனின், அரிஸ்டிடே மசாச்சேசி. அமெரிக்கப் படம் போலத் தோன்ற வேண்டுமே என்று ஒருவர் புனைபெயருக்கே புனைபெயர் சூட்டிக்கொண்டது இலக்கிய உலகிலும் அரிது.

அடுத்து, பனிமூட்டக் கோட்பாடு. அரங்கம் கட்டக் காசில்லாத இடத்தில் புகை போடுக என்பது அதன் சூத்திரம். லூசியோ ஃபுல்ச்சியின் 'காங்க்வெஸ்ட்' (1983) இதன் பேருரை. காடும் குகையும் மூட்டத்தில் கரைந்துகிடக்க, தங்க முகமூடி தவிர வேறேதும் அணிவதில் நாட்டமில்லாத ஒரு சூனியக்காரி ஆட்சி செய்கிறாள். கதையைத் தொடங்கிவைக்கும் இளைஞன் பாதியில் தலையிழக்கிறான். மீதியைத் தோழன் பார்த்துக்கொள்கிறான். கண்ணாடியை மூன்று முறை துடைத்தும் எனக்குத் தெளியவில்லை. ஆனால் இது கஞ்சத்தனம் என்போரை நான் மறுக்கிறேன்: அந்தப் புகைக்குள் என்னதான் இல்லை! முழுக் கோட்டையையும் நாமே கட்டிக்கொள்கிறோம், கூலியில்லாமல்.

'ஆட்டோர்' முடிவில் வரும் ராட்சதச் சிலந்தியோ சித்தாந்தச் சிக்கல். அது அசைகிறதா, அசைக்கப்படுகிறதா? இரண்டாம் கட்சியே வலுவுடையது. என்றாலும் ஆட்டோராக நடித்த மைல்ஸ் ஓகீஃப் முகத்தில் சிரிப்பின் சாயலே இன்றி அதனோடு மல்லுக்கு நிற்கிறார். இவ்வகைப் படங்களின் கவர்ச்சி இந்தச் சிரிக்காத முகத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. கண் சிமிட்டி நம்மோடு சேர்ந்து அவரும் சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

இனிப் பறத்தல். அந்தோணியோ மார்கெரிட்டியின் 'யோர்' (1983) படத்தில், நாயகன் ராட்சத வௌவாலை அம்பெய்து வீழ்த்தி, அதன் பிணத்தையே பிடித்துத் தொங்கியபடி குகைக்குள் பறந்துபோய் எதிரியை உதைக்கிறான். இதில் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று உண்டு. ஆட்டோரின் இரண்டாம் படத்தில் அதுவும் இல்லை. ஈட்டியும் வாளும் ஆண்ட அக்காலத்தில் ஆட்டோர் திடீரென ஹேங் கிளைடரில் மிதந்து வந்து, கோட்டை மேல் குண்டு போடுகிறான். அறிஞர் பலர் கால முரண் என இதைப் பழித்துள்ளனர். களப்பணியின்போது கூட உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்குக் காலத்தைப் பற்றிக் கவலையில்லை.

"ஏன்டா, இடுப்புல ஒரு முழத் துணிதான் இருக்கு. அவ்வளவு பெரிய பட்டத்த இவ்வளவு நேரம் எங்கடா வெச்சிருந்தான்?"