மாடி வாடகைக்கு உண்டு, ஓர் இரவுக்கு மட்டும்

மலாக்கா வரலாற்று மாநகராட்சி மன்றத்தின் மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

பழைய நகரத்துக் கடைவீட்டின் மேல்மாடியைக் கட்டில், மெத்தை, அலமாரி, ஏர்கோன் சகிதமாக வாடகைக்கு எடுத்துக் குடியேறலாம் என்று ஜாசினிலோ மெர்லிமாவிலோ ஏதாவது ஒரு தமிழ்க் குடும்பம் நினைத்தால், அந்த நினைப்பைத் தாங்கள் தொடக்கத்திலேயே திருத்தி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அந்த மாடிகளில் உறங்கலாம், குளிக்கலாம், ஜன்னலைத் திறந்து ஜோங்கர் தெருவைப் படம் பிடிக்கலாம். மறுநாள் காலையில் பிள்ளைக்குச் சீருடை மாட்டிப் பள்ளிக்கு அனுப்புவதுதான் அங்கே பொருந்தாத காரியம். துணிக்கொடியும் சாம்பார் வாசனையும் பாரம்பரியத்தின் முகப்பைக் கெடுக்கும் என்பது அறிந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நகரம் இந்த மேன்மையை எட்டிய வரிசை பாராட்டத்தக்கது. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. 1997-இல் அதை நீக்க முடிவாயிற்று. 1999 டிசம்பர் கடைசியோடு அவகாசமும் முடிந்தது. கீழே கடை, மேலே குடித்தனம் என்று தலைமுறைகளாக இருந்தவர்கள் புதிய வாடகையைக் கேட்டதும் மூட்டை கட்டினார்கள். பிறகு 2008 ஜூலை 7 அன்று, பல இன மக்களின் மரபு உயிரோடு இருப்பதற்கான சான்று என்று சொல்லி யுனெஸ்கோ இந்த நகரை ஜார்ஜ் டவுனோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. குடியிருந்தவர்கள் கிளம்பத் தொடங்கி எட்டரை ஆண்டுகள் கழித்து, குடியிருப்பின் உயிர்ப்புக்கு நற்சான்று கிடைத்தது. காலியான மாடிகள் சிலவற்றை இடையில் உழவாரக் குருவிகளுக்கு விட்டார்கள். கூட்டுக்கு நல்ல விலை. குருவி பழுதுபார்ப்புக் கேட்காது. உயரத்திலிருந்து நகரைப் பார்க்க ஆசைப்படும் உள்ளூர்க்காரர்களையும் அரசு மறந்துவிடவில்லை. அதே 2008-இல் திறந்த தாமிங் சாரி கோபுரம் 110 மீட்டர் உயரம்; ஒரே நேரத்தில் 66 பேர் ஏறலாம். சாமான்கள் போட்ட மேல்மாடிதான், சில நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள்.

தோட்டத்துத் தமிழருக்கும் பழைய நகரத்துக்கும் என்ன தொடர்பு என்று தங்கள் அதிகாரி ஒருவர் கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். லயத்து வீடு எங்கே, ஹீரன் தெரு மாளிகை எங்கே? ஆனால் அந்தத் தெருவின் இன்றைய பெயர் துன் டான் செங் லோக். அவர் அந்தத் தெருவில் பிறந்தவர். 1908-இல் புக்கிட் காஜாங் ரப்பர் தோட்டத்தில் உதவி நிர்வாகியாகச் சேர்ந்து பின்னர் பல ரப்பர் கம்பெனிகளை நடத்தியவர். அதற்கும் முன்னால், 1896-இல், டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அந்த ஊர்ப் பெயரைச் சுமந்து ஒரு தமிழ்ப் பள்ளி இன்றும் நடக்கிறது. விடியுமுன் பால்மரம் சீவியவர்களின் கூலி போக மிஞ்சியது எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே. அதில் ஒரு பங்கு நகரத்து மாளிகைகளின் ஓட்டிலும் ஓவியக் கல்லிலும்தான் ஏறியிருக்கிறது. தோட்டக் கணக்கை ஒதுக்கிவிட்டாலும் துக்காங் எமாஸ் தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் 1781-லிருந்து உட்கார்ந்திருக்கிறார். கோயிலை எழுப்பியது தமிழ் வழிவந்த மலாக்கா செட்டிச் சமூகம். பிள்ளையாருக்கு மட்டும் வாடகை உயரவில்லை.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட வலுவானது. கட்டுப்பாட்டு வாடகையில் வீட்டுக்காரர் ஓட்டை மாற்றவும் வழியில்லாமல் கிடந்தார், கட்டடங்கள் இற்றுப்போயின, சுற்றுலாப் பணம்தான் அவற்றை மீட்டது என்பார்கள். உண்மை. சில காசு வாடகையில் நூறாண்டுச் சுவரைக் காக்க எவராலும் முடியாது. பழைய சட்டம் திரும்ப வர வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் இற்றுப்போன மாடிக்கும் இரவு வாடகை மாடிக்கும் நடுவே வேறு வழியே இல்லை என்பது எந்தக் கணக்கு? 1641-இல் இந்த நகரைப் பிடித்து, சதுக்கத்துப் பெரிய கட்டடத்தைக் கட்டிவிட்டுப் போன டச்சுக்காரர்களையே பாருங்கள். அவர்களுடைய ஆம்ஸ்டர்டாமில், சொந்த வீட்டைச் சுற்றுலாப் பயணிக்கு முழுதாக வாடகைக்கு விடுபவர் ஆண்டுக்கு 30 இரவுகளைத் தாண்டக்கூடாது என்று 2019-இல் வரம்பு வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகள் அதனால் இடிந்து விழவில்லை. நம் நாட்டிலும் குறுகிய கால வாடகையைத் தடுக்க அடுக்குமாடி நிர்வாகக் கழகங்களுக்கு உரிமை உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஒரு கட்டடத்துக் குடியிருப்பாளர்கள் கூடி எடுக்கக்கூடிய முடிவை ஒரு மாநகராட்சி யோசித்துக்கூடப் பார்க்கக் கூடாதா?

இனி, எழுதக் கொஞ்சம் கூச்சமான விஷயம். நீண்ட கால வாடகைக்கு வீடு தேடும் இந்தியர் இந்த நாட்டில் எங்கும் சந்திக்கும் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதல்ல. ‘இந்தியருக்கு இல்லை’ என்று விளம்பரத்திலேயே அச்சிடுபவர் உண்டு. பெயரைக் கேட்டதும் வீடு திடீரென்று ‘போய்விட்டது’ என்பவர் அதிகம். கூட்டரசு அரசமைப்பின் 8-ஆம் பிரிவு இனப் பாகுபாட்டைத் தடுக்கிறதே என்றால், அது அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் ஒப்பந்தத்துக்குள் நுழையாது என்பதை 2005-இல் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கின் தீர்ப்பு தெளிவாக்கியது. குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்றைப் பற்றி வீடமைப்பு அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசுகிறது. பேச்சுக்கு வாடகை இல்லை. இரவு வாடகைக்கு விடுபவரோ கடன் அட்டையைத்தான் பார்க்கிறார், பெரும்பாலும் இனத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே மலாக்காத் தமிழருக்கு ஒரு குறுக்குவழி தென்படுகிறது: ஓர் இரவுக்கு அறை எடுப்பது, விடிந்ததும் காலி செய்வது, மாலையில் மறுபடி எடுப்பது, ஆண்டு முழுவதும். இரண்டு மாத முன்பணம் மிச்சம். ‘சுற்றுலாப் பயணி’ என்ற மரியாதையும் கிடைக்கும். பிள்ளைகளின் பள்ளிப் பதிவில் முகவரியாக ‘அறை எண் 3’ என்று எழுதினால் தாங்கள் ஏற்றுக்கொள்வீர்களா என்பதை மட்டும் தெரிவித்தால் போதும்.

அந்த வேடம் வேண்டாம் என்று தங்களுக்குத் தோன்றினால் செய்யக்கூடியவை இருக்கின்றன. பாரம்பரிய மையப் பகுதியில் கடைவீட்டுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, மேல்மாடியில் ஆண்டுக் கணக்கில் குடியிருப்பவருக்கு வாடகைக்கு விடும் உரிமையாளரின் மதிப்பீட்டு வரியைக் குறையுங்கள். ஓட்டையும் மரத்தளத்தையும் பழுதுபார்க்க அவருக்கு உதவுங்கள். இரவு வாடகைக்கு ஆண்டு வரம்பு வையுங்கள். தங்கள் சலுகையைப் பெறும் எந்த வீட்டின் விளம்பரத்திலும் இனம் குறிப்பிடக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். நீதிமன்றம் தனியாருக்குக் கொடுத்த விலக்கு தங்களுக்கு இல்லை. அடுத்த மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, முடிவைப் பொதுவில் அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.