சதுர அடியில் தவறாதவர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரிப் பக்கம் மனை பிரிப்பவர்களின் நேர்த்தியை யாராலும் குறைசொல்ல முடியாது. ஓசூரிலிருந்து தளி சாலையிலோ தேன்கனிக்கோட்டைச் சாலையிலோ வந்து பாருங்கள். போன வருஷம்வரை கேழ்வரகும் அவரையும் விளைந்த மேட்டுக்காட்டில் முதலில் நுழைவாயில் வளைவு எழும்புகிறது. அடுத்து தார்ச்சாலை, இருபுறமும் அலங்காரப் பனை, சோலார் விளக்கு. மனைக்கல் ஒவ்வொன்றிலும் எண். 1,200 சதுர அடி என்று சொன்னால் 1,200தான். டேப் வைத்து அளந்தால் அரையடி பிசகாது. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு எத்தனை நிமிஷம், இனி வரப்போகிற விமான நிலையத்துக்கு எத்தனை நிமிஷம் என்பதும் நோட்டீஸில் இருக்கும். தண்ணீருக்கு ஒரே வரி: போர் வசதி உண்டு. அந்த போர் எத்தனை அடி, சித்திரை வெயிலில் எத்தனை மணி நேரம் ஓடும், எல்லா மனையிலும் வீடு எழும்பிய பிறகும் ஓடுமா என்பதை எழுதுவதில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவரை அப்படிப்பட்ட கணக்குகளால் கலங்கடிக்கக் கூடாது என்ற இரக்கம், இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கிறது.

போர் போடுகிறவர்களின் உழைப்பையும் சொல்லியாக வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் குறைவு. நம் மேட்டு நிலத்தில் சில அடி மண்ணுக்குக் கீழே இருப்பது கெட்டியான பாறை. ஆற்றுப்படுகை மணலைப்போல இந்தப் பாறை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. அதன் வெடிப்புகளில் மட்டும்தான் நீர் நிற்கும். அந்த வெடிப்பைத் தேடி ராத்திரி பகல் பாராமல் ஆயிரம் அடிக்கும் கீழே குழாய் இறக்குகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து போர் 600 அடியில் நின்றுபோனால் இங்கே 900 அடி. இங்கே நின்றால் அடுத்தவர் 1,200. ஒரே வெடிப்பில் நிற்கிற நீருக்கு இத்தனை பேர் போட்டியிட்டும் யாரும் யாரையும் கேள்வி கேட்காத சமாதானம் நம்மிடம் நிலவுகிறது.

அந்தச் சமாதானத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமானால் நம் சட்டமன்றத்துக்குத்தான் சொல்ல வேண்டும். 2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். கிணறுகளைப் பதிவு செய்ய வேண்டும், புதிதாகத் தோண்ட அனுமதி வாங்க வேண்டும் என்ற அக்கறையோடு எழுதப்பட்ட சட்டம். பத்து ஆண்டுகள் அதை ஒரு நாள்கூட நடைமுறைக்குக் கொண்டுவராமல் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2013இல் அப்படியே திரும்பப் பெற்றார்கள். அந்தச் சட்டத்தால் ஒரு விவசாயிக்கும், ஒரு டேங்கர் முதலாளிக்கும், ஒரு மனை வியாபாரிக்கும் துளி தொந்தரவு இல்லை. யாரையும் புண்படுத்தாமல் சட்டம் இயற்றுவது எளிதல்ல.

எதையும் கலக்காமல், மனசாரப் புகழ வேண்டியவர்களும் இந்தக் கதையில் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்துப் பல்லில் கறை ஏறி, எலும்பு வளைந்துபோன மனிதர்கள் இந்த மண்ணில் நிறையப் பேர். அவர்களுக்காக 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பான் கடனுதவியோடு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். மதிப்பீடு 1,928 கோடி ரூபாய். காவிரி நீரை 500 மீட்டருக்கும் மேலே ஏற்றி ஓசூர் மேட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாலும் மின்சாரமும், ராத்திரி கண்விழித்து பம்ப் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள். ஃபுளோரைடு தண்ணீர் குடித்த கிராமத்துக்கு முதல் உரிமை என்று பிறந்த திட்டம் அது.

அந்தத் திட்டத்தின்மேல் நாம் வைத்திருக்கிற நம்பிக்கையைத்தான் மெச்ச வேண்டும். தளிப் பக்கத்து மலைச் சரிவில் பெய்கிற மழை ஓடைகளில் இறங்கி, சின்னாறு வழியாக ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது. பெய்த இடத்திலேயே ஏரியிலும் குட்டையிலும் அதை நிறுத்த நம் முன்னோர்கள் கரை போட்டு வைத்திருந்தார்கள். நாம் குட்டையைத் தூர்த்து, வரத்துக் கால்வாய்மேல் சாலை போட்டு, மழையைத் தடையில்லாமல் கீழே அனுப்பிவிட்டு, காசு கொடுத்து மேலே வரவழைக்கிறோம். புதிய மனைப்பிரிவு எது வந்தாலும் “ஒகேனக்கல் தண்ணி வந்துரும்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். குழாயின் விட்டம் வளராது, கேட்கிற வாய்கள் வளரும் என்ற சந்தேகம் நமக்கு வந்ததே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மனை, வீட்டுக்கு நாலு பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது நாட்டின் வரையறை. அந்தப் பழக்கத்தோடுதான் பெங்களூருவிலிருந்து வருகிறவர் வருவார். ஒரு நாளைக்கு 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் ஒன்பது லோடு, தினமும், ஒரே ஒரு மனைப்பிரிவுக்கு. அதே சாலையில் இருக்கிற பழைய கிராமத்துக்கு ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு ஆளுக்கு 55 லிட்டர். இரண்டு பேரும் உறிஞ்சப்போவது ஒரே பாறையை. இந்தக் கணக்குக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். சாலை எத்தனை அடி அகலம், பெரிய மனைப்பிரிவில் பூங்காவுக்கு 10 விழுக்காடு இடம் விட்டாயிற்றா என்று கறாராக அளக்கிற அதிகாரிகள், இந்தப் பெருக்கலை மட்டும் பெருந்தன்மையோடு வாங்குகிறவர் தலையில் விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தாருக்கு நம் துணிச்சல் போதாது. அங்கே 1980இல் வந்த சட்டத்தின்படி, பீனிக்ஸ் போன்ற பகுதிகளில் புதிய குடியிருப்பு அமைப்பவர் அடுத்த 100 ஆண்டுக்குத் தண்ணீர் உண்டு என்று காட்டியாக வேண்டும். 2023 ஜூனில், பீனிக்ஸ் பகுதியின் நூறாண்டு நிலத்தடி நீர்த் தேவையில் சுமார் 4 விழுக்காடு கிடைக்காமல் போகும் என்று ஆய்வு சொன்னதும், அதை மட்டுமே நம்பி வருகிற புதிய குடியிருப்புகளுக்குச் சான்று கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கலிபோர்னியாவில் பொலினாஸ் என்ற சின்னக் கடலோர ஊர், 1971இலேயே புதிய குடிநீர் இணைப்பை நிறுத்தி வைத்தது. ஓசூரில் நாம் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையத்தை 2024இல் அறிவித்தோம். பயணிகளின் எண்ணிக்கை அன்றே தெரிந்துவிட்டது. அவர்களை நம்பி எழும்பப்போகிற ஓட்டல்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வேண்டிய லிட்டர், அந்த எண்ணோடு சேர்ந்து மக்கள் காதுக்கு வரவில்லை.

பக்கத்து மாநகரத்தின் தாராளத்தையும் விட்டுவிடக் கூடாது. நந்தி மலையில் பிறந்து வருகிற தென்பெண்ணையில் பெங்களூரு தன் கழிவுநீரைச் சேர்த்து அனுப்புகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறக்கிற தண்ணீர் சாலையையும் பாலத்தையும் மூடுகிற அளவுக்கு நுரையாகப் பொங்குகிறது. ஓசூர்க்காரர்கள் ஒவ்வொரு மழைக்கும் அதைப் பார்க்கிறார்கள். அதே பெங்களூருவில் 2024 மார்ச்சில், துணை முதல்வர் தம் வீட்டு ஆழ்துளைக் கிணறே வற்றிவிட்டது என்று பேட்டி கொடுத்தார். ஏரிகளை மூடி வீடு கட்டினால் முப்பது ஆண்டில் என்ன ஆகும் என்பதைத் தன் செலவிலேயே செய்து காட்டியிருக்கிறது அந்த நகரம். எல்லை தாண்டினால் கண்ணுக்கு எதிரே இருக்கிற பாடம். அதைப் படித்துவிட்டும் அதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்களின் மன உறுதி சாமானியமானதல்ல.

தண்ணீர்க் கணக்கு பார்க்கிறவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தளியில் பசுமைக்குடிலில் ரோஜாவும் ஜெர்பராவும் வளர்க்கிறவர், எந்தப் பாத்திக்கு எத்தனை நிமிஷம் சொட்டுநீர் விட வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். அந்த நிமிஷம் தவறினால் அவருக்கு நஷ்டம். வனத்துறைக்காரர்களும் பார்க்கிறார்கள். ஜவளகிரிக் காடு, 2014இல் அறிவிக்கப்பட்ட 504 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. கேழ்வரகு முற்றுகிற பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் இந்தக் காட்டுக்குத்தான் வருகின்றன. கோடையில் காட்டுத் தொட்டிகளில் எது வற்றியது என்று வனத்துறையினர் பார்த்து, டேங்கரில் கொண்டுபோய் நிரப்புகிறார்கள். யானைக்கு எங்கே தண்ணீர் என்று கேட்க இந்த மாவட்டத்தில் ஒரு துறை இருக்கிறது. காட்டோரத்தில் மனை வாங்கிக் குடியேறப்போகிற குழந்தைக்கு எங்கே தண்ணீர் என்று மனை பிரிக்கிற அன்றே கேட்கிற மேஜை ஒன்று வேண்டும்.

அதற்கு வழியும் அரசு ஏற்கெனவே வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் என்றாக்கி, அதில் ஒன்றை மார்ச் 22ஆம் தேதிக்கு, உலகத் தண்ணீர் நாளுக்கே வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. அன்றைக்கு ஜவளகிரி ஊராட்சியில் ஒரே தாளில் இரண்டு பட்டியல் எழுதி வாசிக்கலாம். ஒரு பக்கம் ஊரின் போர்கள், போட்டபோது எத்தனை அடியில் தண்ணீர், இன்றைக்கு எத்தனை அடியில், எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது. மறுபக்கம் அனுமதி கேட்டு வந்திருக்கிற மனைப்பிரிவுகள், மனைக்கு நாலு பேர் வீதம் எத்தனை லிட்டர். முதல் பட்டியல் இரண்டாவதைத் தாங்காது என்றால், தாங்குகிற அளவுக்குக் குட்டையும் ஏரியும் வரத்துக் கால்வாயும் மீட்கிறவரை அனுமதி இல்லை என்று தீர்மானம் போட்டு, அதன் நகலை ஓசூரில் மனை அனுமதிக்குக் கையெழுத்துப் போடுகிற அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.