பாதி விலைக்குப் பாவமன்னிப்பு

அபராதம் கட்ட ஜனங்கள் முண்டியடித்த ஊர் ஒன்று உண்டென்றால் அது பெங்களூருதான். நிலுவையில் கிடக்கும் டிராஃபிக் அபராதத்தில் பாதியைக் கட்டினால் மீதி தள்ளுபடி என்று 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு அறிவித்தது. யோசனை, மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்துடையது. 3ஆம் தேதி தொடங்கி 11ஆம் தேதி முடிவதற்குள் 120 கோடி ரூபாய் வசூல். தி.நகர் ஆடித் தள்ளுபடிக்கூட்டமே தோற்றுப்போயிருக்கும். அதுவரை அந்தக் கோடிகளெல்லாம் ஊராரின் செல்போன்களில், படிக்கப்படாத குறுஞ்செய்திகளாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

கட்டுகிறவர்கள் உண்டு, தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்கள் நிறைய உண்டு. எதிர்த்து வழக்காடுகிறவர்கள்தான் அபூர்வம். அப்படி ஒருவர் வைட்ஃபீல்டில் இருக்கிறார். சொந்த ஊர் கிருஷ்ணகிரி, வேலை ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்கா பக்கம்.

அதிவேகம் என்று அவருக்கு அபராதம் வந்திருந்தால் பெருமையோடு சட்டம் போட்டு மாட்டியிருப்பார். டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் வருடக் கணக்குப்படி பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போக 29 நிமிடம் 10 விநாடி ஆகிறது. சாயங்காலம் ஹோப் ஃபார்ம் ஜங்ஷனில் நிற்பவர்களுக்கு அது ராக்கெட் வேகம். வந்ததோ சிக்னல் ஜம்ப், 500 ரூபாய்.

"ஐந்நூறு ரூபாய்தானே, கட்டித் தொலைங்களேன்" என்றார் மனைவி.

"செய்யாத தப்புக்கு எதுக்குக் கட்டணும்?"

அன்றிரவே சட்டம் படிக்க ஆரம்பித்தார். பொறியியல் படித்தவர்கள் சட்டம் படிக்கும்போது வீட்டில் இருப்பவர்கள் பாடு கஷ்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்ந்த 167ஏ அவருக்கு மனப்பாடம் ஆயிற்று. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். படம் தெளிவாக இருக்க வேண்டும். கேமரா இருப்பதாக முன்கூட்டியே எச்சரிக்கும் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மறுநாள் பலகையைத் தேடிப் போனார். பலகை இருந்தது. அதற்கு முன்னால் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து பேனரும் இருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

2022 டிசம்பரில் நகரின் 50 சந்திப்புகளில் 330 கேமராக்களோடு தானியங்கிக் கண்காணிப்பு தொடங்கியதிலிருந்து, போலீஸ்காரரிடம் கெஞ்சும் கலையே இந்த ஊரில் நசிந்துவருகிறது. கேமராவிடம் 'ஆஸ்பத்திரிக்குப் போறேன் சார்' என்று சொல்ல முடியாது. ஆனால் கேமராவும் ஏமாறும். 2023இல் நெதர்லாந்தில் ஒருவர் கார் ஓட்டியபடி தலையைச் சொறிந்தார். செல்போன் பேசினார் என்று 380 யூரோ தீட்டிவிட்டார்கள். இந்தக் கதையை நம்மவர் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னார்.

அலுவலகத்தில் அவருக்குத் திருப்பிச் சொல்லப்பட்ட கதை வேறு. 2022 அக்டோபரில் பெங்களூருக்காரர் ஒருவர், ஹெல்மெட் போடவில்லை என்பதற்கு ஆதாரம் எங்கே என்று ட்விட்டரில் டிராஃபிக் போலீஸைக் கேட்டார். போலீஸ் பணிவோடு படத்தைப் போட்டது. வெறுந்தலை, தெளிவாக. கேட்டவர் நன்றி சொல்லி, அபராதத்தைக் கட்டிவிடுவதாக எழுதினார்.

நிஜமாகவே வழக்காட வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இணையத்தில் நடக்கும் விர்ச்சுவல் கோர்ட்டில் பணம் கட்டலாம். மறுத்தால் வழக்கு நிஜ மாஜிஸ்திரேட்டிடம் போகும். ஒரு நாள் லீவு, வாய்தா போட்டால் இன்னொரு லீவு, வக்கீல் ஃபீஸ், மெட்ரோ டிக்கெட். எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தார். நிரபராதி என்று நிரூபிக்கும் செலவில் பத்து சிக்னலைத் தாராளமாகத் தாண்டலாம். 2019 செப்டம்பர் 1 அன்று ஹெல்மெட் அபராதத்தை மத்திய சட்டம் 1,000 ஆக்க, அதே மாதத்தில் கர்நாடகம் அதை 500 ஆகக் குறைத்தது. கருணைதான். கூடவே, கோர்ட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கக்கூடத் தோன்றாத தொகையும் அதுதான்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? 2020இல் மடிவாளாவில் ஹெல்மெட் இல்லாமல் சிக்கிய ஒருவரின் பழைய கணக்கைப் போலீஸ் அச்சடித்தது. 77 விதிமீறல், 42,500 ரூபாய், ரசீதின் நீளம் சுமார் 2 மீட்டர். வண்டியை விற்றால்கூட அவ்வளவு தேறாது. 2025இல் இன்னொரு ஸ்கூட்டர் 311 வழக்குகளோடு பிடிபட்டது, 1.61 லட்சம் கட்டி மீட்டார்கள்.

தள்ளுபடி மறுபடியும் வந்தது, 2025 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரை. அப்போதுதான் முதலமைச்சர் சித்தராமையாவின் அரசுக் கார் மீது ஏழு வழக்குகள் இருப்பதும், அதில் ஆறு சீட் பெல்ட் போடாததற்கு என்பதும் செய்தியானது. பாதி விலையில், 2,500 ரூபாயில், கணக்கு தீர்ந்தது. முதல்வரின் காரே தள்ளுபடியில் வாங்குகிறது என்றால் மற்றவர்களுக்கு என்ன கூச்சம்?

நம்மவர் அசையவில்லை. பாதி கட்டுவதும் பாதிக் குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் என்றார். வாதங்களைப் பதினாலு பக்கத்துக்கு டைப் செய்து, பேனர் படத்தை இணைப்பு 'அ' என்று சேர்த்து, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுவிட்டார்.

வண்டி எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் செயலியில் அபராதம் கட்டலாம். செப்டம்பர் இரண்டாம் வாரம் அவர் மனைவி 250 ரூபாய் கட்டிவிட்டார். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.