சோம்பு ஊரில் சோம்பலாமா?

கேள்வி: போர்ச்சுகலின் மதீரா தீவில் உள்ள ஃபுன்ஷால் நகரை நான்கு நாளில் நடந்தே பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியும். எதற்கும் முழங்காலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான். போர்த்துகீசிய மொழியில் 'ஃபுன்ஷு' என்றால் சோம்பு. அந்தக் காலத்தில் அங்கே சோம்புச் செடி மண்டிக் கிடந்ததாம். அதுவே ஊர்ப்பெயர் ஆயிற்று. அதற்காக நீங்களும் சோம்பிக் கிடந்தால் எப்படி?

கறுப்பு வெள்ளைக் கல் பதித்த நடைபாதைகள், கதவுக்குக் கதவு ஓவியம் தீட்டிய சாந்தா மரியா தெரு எல்லாம் ஒரு நாளில் முடிந்துவிடும். 1940-ல் திறந்த உழவர் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். கன்னங்கரேலென்று வாள்போல் நீண்ட ஒரு மீன், பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். பார்க்கத்தான் பயங்கரம். வாழைப்பழத்தோடு சேர்த்துத் தட்டில் வைப்பார்கள். நான் பழத்துக்கு வாக்களிப்பேன்.

மோந்த்தி மலைக்கு மட்டும் ரோப் கார் ஏறலாம், தப்பில்லை. நாடு கடத்தப்பட்டு 1922-ல் இந்தத் தீவில் இறந்த ஆஸ்திரியாவின் கடைசிச் சக்கரவர்த்தி முதலாம் கார்ல், அங்குள்ள தேவாலயத்தில்தான் துயில்கிறார். இறங்குவதற்குப் பிரம்புக்கூடை வண்டி. சக்கரம் கிடையாது, கயிறு பிடித்த இரண்டு பேரின் ரப்பர் அடி வைத்த பூட்ஸ்தான் பிரேக்! தார்ச்சாலையில் சுமார் 2 கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டு வரலாம். ஆனால் ஊருக்குள் கொண்டுவந்து விடமாட்டார்கள். பாதி வழியில் இறக்கிவிடுவார்கள், மிச்சம் நடைதான்.