லிட்டருக்கு அஞ்சு ரூபாய் ரோடு

எங்கள் தெருப் பள்ளங்களில் ஒன்றிரண்டு, பட்டா கேட்டு மனு போடும் தகுதிக்கு வந்துவிட்டன. பொதுத் தெருவை அனுபவ பாத்தியதையில் கேட்பதென்றால் 30 வருஷம் கைவசம் வைத்திருக்க வேண்டுமாம். பிள்ளையார் கோயில் முன்னால் இருக்கும் பள்ளம் அந்தத் தேதியை நோக்கி அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. போன ஐப்பசி மழையில், தண்ணீருக்குள் பள்ளம் இருப்பது வண்டிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் அதில் முருங்கைக் கொம்பை நட்டுவைத்தார். கார்த்திகையில் அது துளிர்த்துவிட்டது. இப்போது தெருவில் இரண்டு கட்சி. பள்ளத்தை மூடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. முதல் ஈடு காய் பறித்த பிறகு கொடுக்கலாம் என்பது இன்னொரு கட்சி.

நான் முதல் கட்சி. ஸ்கூட்டர்க்காரன் வேறு எந்தக் கட்சியில் இருக்க முடியும்? பெட்ரோல் விலையில் ரோட்டுக்கென்றே வரி பிடிக்கிறார்கள் என்று படித்த நாளிலிருந்து, வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ‘என் காசு எங்கே?’ என்று முதுகெலும்பு கேட்க ஆரம்பித்தது.

முதலில் பங்க் பில்லைப் பார்த்தேன். ஓட்டலில் ரெண்டு இட்லி சாப்பிட்டால், மத்திய ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம், மாநில ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம் என்று காசு பிசகாமல் பிரித்துப் போட்டுத் தருகிறார்கள். பெட்ரோல் பில்லில் எத்தனை லிட்டர், என்ன விலை, மொத்தம் எவ்வளவு, நன்றி, மீண்டும் வருக. அவ்வளவுதான். பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிற சரக்கு. இட்லிக்குக் கிடைக்கிற மரியாதை அதற்கு இல்லை. “இதில் வரி எவ்வளவு தம்பி?” என்று பங்க் பையனிடம் கேட்டேன். “அண்ணே, பின்னாடி வண்டி நிக்குது” என்றான்.

எதிர் வீட்டுக்காரர் நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். திண்ணை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு காலத்தில் நாலு படி ஏறி உட்கார்ந்த திண்ணை அது. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு, அதன் மேலே இன்னொரு ரோடு என்று போட்டுப் போட்டு மூன்று படிகள் தாருக்குள் போய்விட்டன. இப்போது தெருநாய் நின்றபடியே அவர் பேப்பரில் தலைப்புச் செய்தி பார்க்கலாம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு கடிதமே அனுப்பினார். எங்கள் தெருவில் அந்தக் கடிதத்தை இன்றுவரை யாரும் மீறவில்லை. அதற்குப் பிறகு ரோடே போடவில்லை.

“லிட்டருக்கு அஞ்சு ரூபாய் தம்பி” என்றார் அவர். “ரோட்டுக்குன்னு நீ கட்டுறது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வேற கணக்கு.”

பேப்பர் ஓரத்திலேயே எழுதிக் காட்டினார். 2025 ஏப்ரலில் கூட்டியபோது பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு ஆனது. அதில் சாலை, உள்கட்டமைப்பு செஸ் 5 ரூபாய். விவசாய உள்கட்டமைப்பு செஸ் இரண்டரை ரூபாய். சிறப்புக் கூடுதல் வரி 13 ரூபாய். அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசு. மாநிலங்களுக்குப் பங்கு உண்டென்றால் அது இந்த 1.40-இல் மட்டும்தான். செஸ்ஸும் சிறப்பு வரியும் முழுசாக டெல்லிக்கு. அந்த 1.40-இலும் 41 சதவீதத்தை எடுத்து எல்லா மாநிலங்களுக்கும் பங்கு போட வேண்டும். 15-ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குச் சொன்ன பங்கு 4.079 சதவீதம்.

செல்போனில் தட்டினேன். வந்த விடையை நம்பாமல் மறுபடியும் தட்டினேன். நான் போடுகிற ஒரு லிட்டரின் கலால் வரியில் தமிழ்நாட்டின் பங்காக வருவது ஏறக்குறைய 2.3 காசு. காசு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்தத் தொகையை எடுத்துக்கொண்டு ஜல்லிக் கடைக்குப் போனால், தார்ப்பாயை உதறின தூசிகூடக் கிடைக்காது.

இந்த ஏற்பாட்டுக்கு வயசு நூறை நெருங்குகிறது. 1927-இல் வெள்ளைக்கார சர்க்கார் எம்.ஆர். ஜெயகர் என்ற பம்பாய் வக்கீலின் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. ரோடுகளைக் கவனிப்பது உள்ளூர் போர்டுகளின் சக்திக்கு மீறிப் போய்விட்டது, பெட்ரோல் மேல் கூடுதல் வரி போட்டுத் தனி நிதியாக வையுங்கள் என்று அது சொன்னது. 1929-இல் கேலனுக்கு இரண்டு அணா வீதம் மத்திய சாலை நிதி பிறந்தது. ரோட்டைத் தேய்க்கிறவன் பெட்ரோல் வாங்குகிறான், தேய்க்கிற அளவுக்கு வாங்குகிறான், ஆகவே பெட்ரோலில் பிடித்தால் நியாயமாக இருக்கும். ஜெயகரின் இந்த யோசனையில் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் தெரியவில்லை.

இரண்டாவது அவதாரம் 1998-இல். லிட்டருக்கு ஒரு ரூபாய். 2000-இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. டீசல் செஸ்ஸில் பாதி கிராமச் சாலைகளுக்கு என்று எழுதி வைத்தார்கள். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் அந்தக் காசில்தான் ஓடியது. இதைச் சொல்லும்போது மட்டும் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆரஞ்சுக் கல் பார்த்திருக்கியா? அதெல்லாம் அந்த ரோடுதான். அதுவரைக்கும் அங்கே பிரசவத்துக்குக் கட்டில்ல தூக்கிட்டு வருவாங்க.” அதற்குப் பிறகு செஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2018-இல் 8 ரூபாய்க்கு வந்தது. ஊரடங்கில் நாட்டில் வண்டியே ஓடாத 2020 மே மாதத்தில் 18 ரூபாய்க்குப் போனது. ரோட்டில் ஆளே இல்லாத சமயத்தில்தான் ரோட்டுக்கு அவ்வளவு பணம் தேவைப்பட்டிருக்கிறது! பிறகு 2021-இலும் 2022-இலும் வெட்டி 5 ரூபாயில் நிறுத்தினார்கள்.

அந்த 5 ரூபாயாவது ரோட்டுக்கே போகிறதா என்றால், 2018-இல் நிதியின் பெயரையே ‘சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி’ என்று நீட்டிவிட்டார்கள். உள்கட்டமைப்புப் பட்டியலில் மின்சாரம், குடிநீர், ஆஸ்பத்திரி, கல்விக்கூடம், குளிர்பதன வசதி எல்லாம் உண்டு. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் ஸ்கூட்டர் பள்ளத்தில் விழுந்து முட்டி பெயர்ந்தால், அதே நிதியில் கட்டின ஆஸ்பத்திரியில் சேரலாம் என்ற அளவுக்கு ஏற்பாடு முழுமையாக இருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. போதாக்குறைக்கு, 2018-19-இல் பல வகை செஸ்களாக வசூலான சுமார் 2.75 லட்சம் கோடியில் உரிய நிதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது 1.64 லட்சம் கோடி என்று தணிக்கைத் துறையே எழுதி வைத்தது.

மாநில அரசும் சும்மா இல்லை. 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்த பிறகும் பெட்ரோலுக்கு வாட் 13 சதவீதம், அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இது ரோட்டுக்கென்று தனியாக எடுத்து வைக்கும் பணம் இல்லை. பொதுக் கஜானாவில் விழுந்து, ரேஷன் அரிசியாகவும் வாத்தியார் சம்பளமாகவும் எழுந்து வரும். அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வண்டி வரியில். அக்கா மகன் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு பைக் எடுத்தான். 2023 நவம்பரிலிருந்து டூவீலருக்கு ஆயுட்கால வரி, ஒரு லட்சம் வரை 10 சதவீதம், தாண்டினால் 12 சதவீதம். 13,200 ரூபாய் கட்டிவிட்டு வந்து, “மாமா, இதுக்கு எந்த ரோடு தருவாங்க?” என்று கேட்டான். எதிர் வீட்டுக்காரர் வாங்கின மின்சார ஸ்கூட்டருக்கோ பெட்ரோல் வரியும் கிடையாது, சலுகையில் வண்டி வரியும் கிடையாது. பள்ளத்தில் மட்டும் என்னோடு சரிசமமாக இறங்குகிறது.

மருமகனின் கேள்விக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. வண்டி வரி என்பது ரோட்டைப் பயன்படுத்துவதற்கு ஈடாகக் கொடுப்பது என்ற எண்ணம் 1962 தீர்ப்பிலிருந்து அரை நூற்றாண்டு நிலைத்திருந்தது. 2016 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில், அப்படி ஒரு ஈட்டுக் கணக்குக்குச் சட்டத்தில் அடிப்படையே இல்லை என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பு சொல்லிவிட்டது. வரி என்றால் வரி. எனக்கு என்ன கிடைத்தது என்று வரிக்குப் பதில் கேட்க முடியாது. பையனிடம் சொன்னேன். “அப்போ டோல்?” என்றான்.

டோல் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் உள்ளூர் போர்டுகள் கேட் போட்டு சுங்கம் வசூலித்தன. கேட்டுக்குக் கேட் நின்று மோட்டார்க்காரர்கள் சலித்துப்போனார்கள். 1931-இல் சென்னை மாகாணம் மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டுவந்தது. இனி ஒரே வரி, சுங்க கேட்டுகள் ஒழிந்தன, வருமானம் போன உள்ளூர் போர்டுகளுக்கு வரியிலிருந்து ஈடு கொடுப்போம் என்பது ஏற்பாடு. திருச்சி நம்பர் 1 டோல்கேட்டிலும் சென்னை தண்டையார்பேட்டை டோல்கேட்டிலும் இன்று பஸ்தான் நிற்கிறது, பெயர் மட்டும் மிச்சம். கேட்டுக்குப் பதிலாக வந்த வரி அப்படியே இருக்க, ஒழித்த கேட் ஃபாஸ்டேக் ஒட்டிக்கொண்டு நாற்கர சாலையில் திரும்பி வந்து நிற்கிறது. நல்லவேளையாக டூவீலருக்கு அங்கே கட்டணம் இல்லை. பழுதில்லாத அந்த ரோட்டில் ஆசைதீரப் போகலாம். ஆனால் எனக்கு ஆபீஸ், காய்கறிக் கடை, பையன் டியூஷன் எல்லாம் நகராட்சி எல்லைக்குள்ளேயே அமைந்துவிட்டன. என் அஞ்சு ரூபாயில் யாரோ உளுந்தூர்பேட்டையை வழுக்கிக்கொண்டு தாண்டுகிறார்கள்.

மனுவோடு நகராட்சிக்குப் போனேன். ஓவர்சியர் பொறுமைசாலி. மனுவில் நான் பெட்ரோல் செஸ், ஜெயகர் கமிட்டி எல்லாம் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தார்.

“சார், உங்க ரோட்டுல மைல்கல் இருக்கா?”

“இல்லை.”

“மஞ்சள் தலைன்னா நேஷனல் ஹைவே. பச்சைன்னா ஸ்டேட் ஹைவே. கருப்போ நீலமோ இருந்தா மாவட்டச் சாலை. ஆரஞ்சுன்னா கிராமத்து ரோடு. கல்லே இல்லைன்னா நாங்க. நீங்க எழுதியிருக்கிறது பெட்ரோல் ரோடு. உங்க தெரு வீட்டு வரி ரோடு.”

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வருமே, அதில் பெட்ரோல் வாட்டும் உண்டே என்று மடக்கினேன். “வருது சார். கிராமத்துக்கும் டவுனுக்கும் பிரிச்சு, எங்களுக்கு வர்றதுல சம்பளம், குடிநீர், குப்பை, தெருவிளக்குக்குப் போக மிச்சம் என்னன்னு நீங்களே சொல்லுங்க” என்று கையை விரித்தார். சொல்லிக்கொண்டே அவர் திறந்து வைத்திருந்தது வீட்டு வரி நிலுவைப் பட்டியல். அதை எனக்குக் காட்டவில்லை. எழுத்தைத் தலைகீழாகப் படிக்கும் பயிற்சி எனக்கு உண்டு. மனுவில் என்னோடு கையெழுத்துப் போட்டவர்களில் கார் வைத்திருக்கிற பாதிப் பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அப்பளம் போட்டு விற்கிற கடைசி வீட்டுப் பாட்டி இல்லை. அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. எங்கள் தெருவில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தாரும் அந்தப் பாட்டி காசுதான்.

ஒட்டுப் போட ஆட்கள் வந்தார்கள். டிரம்மில் தார் கொதித்தது. காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிய ஒருவர், அடியில் ஓட்டை போட்ட தகர டின்னில் தாரை மொண்டு பள்ளத்தில் கோலமாக ஊற்றினார். இன்னொருவர் சின்ன ஜல்லிக் கலவையைக் கொட்ட, மூன்றாமவர் மண்வெட்டியின் முதுகால் தட்டினார். பள்ளத்தைச் சதுரமாக வெட்டி, தூசியைக் கூட்டி, அதன் பிறகுதான் கலவை போட்டு ரோலரால் அமுக்க வேண்டும் என்று திண்ணையிலிருந்து இன்ஸ்பெக்டர் பாடம் நடத்தினார். “ரோலர் நாளைக்கு வரும் ஐயா” என்றார்கள். பிள்ளையார் கோயில் பள்ளத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏன் என்று ஓடிப்போய்க் கேட்டேன். “மரம் இருக்கே சார். வெட்டணும்னா தனியா பெர்மிஷன் வேணும்.” இரண்டாவது கட்சிக்காரர்கள் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டு முன்னால் பள்ளம் இருந்தால் பங்க் பில்லை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போகாதீர்கள். அந்தக் காசு அங்கே வரவில்லை. வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள். ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் தருகிறார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய். பெட்ரோலில் யாரும் இப்படித் திருப்பித் தருவதில்லை.