வெயிலின் குடியுரிமை குறித்த ஒரு விண்ணப்பம்

இலங்கையின் மின்சக்தியைப் பரிபாலிக்கும் மேன்மைதங்கிய அமைச்சின் சமுகத்துக்கு, வேலணையில் புகையிலையும் வெங்காயமும் செய்து நரைத்துப்போன கமக்காரன் ஒருவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

ஐயா, காலையில் என் கிணற்றடியில் வந்து விழுந்து பொழுது சாயும்வரை எழும்பாமற் கிடக்கும் வெயிலும், வைகாசி பிறந்தால் பனையோலைகளை உறங்கவிடாது வீசும் சோளகமும் எந்தத் தேசத்துக்கு உரியவை என்பதை நிச்சயித்தருள வேண்டும். இச்சந்தேகம் எனக்கு வீணே எழுந்ததன்று. எங்கள் அயலிலுள்ள நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு என்னும் மூன்றிலும் சூரியனையும் காற்றையும் கூட்டி மின்சாரம் பிறப்பிக்கும் பணி, 2021 தொடக்கத்தில் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டதும், பாரத தேசம் முகஞ்சுளித்ததும், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணங்காட்டி அவ்வாண்டு முடிவில் அது நின்றதும், 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையாக மறுஜன்மம் எடுத்ததும், 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தமானதும் உலகறிந்த சரித்திரமே. இரு பேரரசுகள் வழக்காடிக்கொண்டிருந்த அதே வெயிலில், எங்கள் பெண்கள் எந்தத் தூதரகத்தின் உத்தரவும் பெறாமல் பாய் விரித்துப் பனம்பழக் களியைப் பனாட்டாகக் காயவைத்துவிட்டார்கள். அறியாமையாற் செய்த அவ்வபராதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

இனி என் கிணற்றின் கதை. தீவகத்தில் நாங்கள் இறைக்கும் நன்னீர், மழை தந்து சுண்ணக்கல் காத்துவைத்தது. கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் பாலாடைபோல் மிதப்பது. மேல்மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு நாற்பதடி ஏறும் என்று நீரியல் கற்றோர் கணக்குச் சொல்வர். என் தந்தையார் அக்கணக்கைப் படித்தவரல்லர், எனினும் துலா மிதித்து இறைத்தவராதலால், மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. பிறகு வந்த மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கோ களைப்பென்பதே இல்லை. தாகம் மட்டுமே உண்டு. 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியபோது, அத்தாகத்தைத் தீர்க்க என்னால் இயலவில்லை. பகலில் மெள்ள இறைத்து, அந்தியில் தானே அடங்கும் சிறு சூரியப் பம்பி ஒன்றே என் கிணற்றின் சுபாவத்துக்கு இசையும் என்று அன்று துணிந்தேன்.

துணிந்தவன் ஒரு கந்தோருக்குப் போனேன். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். அங்கிருந்த இளைஞர் மரியாதையானவர், அமர நாற்காலியும் தந்தார். எனக்குப் பம்பி அவசியந்தான் என்பதை நிரூபிக்கச் சென்ற ஆண்டு மாதந்தோறும் மண்ணெண்ணெய் வாங்கிய பற்றுச்சீட்டுகளைக் கேட்டார். மண்ணெண்ணெய் கிடையாமையாலேயே வந்தேன் என்றேன். அப்படியானால் தங்களுக்கு அது தேவைப்படவில்லை அல்லவா ஐயா என்று அவர் கேட்ட தர்க்கத்தின் அழகில், குடையை அங்கேயே மறந்து வந்துவிட்டேன்.

இவ்வளவில் 2025 சித்திரையும் வந்தது. புத்தாண்டு விடுமுறையில் நாட்டில் மின்சாரத் தேவை குறைந்தமையால், ஏப்ரல் 13 முதல் 21 வரை நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிவரை கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி வேண்டுகோள் விடுக்கப்பட்டது. வெயில் மிகுந்துவிட்டது என்று ஓர் அரசாங்கம் வருந்தியதை என் ஆயுளில் அன்றுதான் கேட்டேன். என் மருமகனின் கூரையில் தகடுகள் சும்மா காய்ந்துகொண்டிருந்தன. அடுத்த காணியில் இயந்திரம் எண்ணெய்ப் புகை கக்கி இறைத்துக்கொண்டிருந்தது. மிகையான அந்த மின்சாரத்தை நண்பகலில் தோட்டக் கிணறுகளுக்குத் திருப்பிவிட்டால் ஆகாதா என்று கேட்க நினைத்தேன். இத்துணை எளிதான யோசனை தங்கள் சமுகத்துக்குத் தோன்றாதிராது, தோன்றியும் விலக்கியிருப்பின் ஆழ்ந்த காரணம் இருக்கும் என்று அடங்கினேன்.

ஆகவே, சோளகம் தொடங்குமுன் தீர்ப்பளித்தருள்க. வெங்காயம் புத்தாண்டு விடுமுறை எடுப்பதில்லை என்பதையும் கோவையில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தாழ்மையுள்ள கமக்காரன், வேலணை.

பி.கு.: இவ்வாண்டும் பனம்பழம் விழும். பாயை விரிக்கலாமா என்பதை மாத்திரம் முன்கூட்டியே அறியத் தரவும்.