சாது மிரண்டால் செம்பனைக் காடு கொள்ளாது

ஜாசினில் எங்கள் வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் அண்ணனுக்குப் புதுக் கார்களைக் கண்டாலே ஆகாது. "இதெல்லாம் காடியா தம்பி? சக்கரம் வெச்ச ஹேண்ட்போன்!"

அவர் மனத்தில் ஒரு சாமி அறை உண்டு. மூலவர் 1998-இல் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1.8 லிட்டர் இயந்திரம். 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்ற முத்திரை வேறு. 1996-இல் அந்த லோட்டஸையே புரோட்டோன் வாங்கிவிட்டது. பால்மரம் வெட்டிய தாத்தாவின் பேரன், இங்கிலாந்துப் பந்தயக் கார்க்காரனுக்கே முதலாளியான மாதிரி அண்ணன் இன்றும் நெஞ்சை நிமிர்த்துகிறார்.

பக்கத்துச் சன்னதி டொயோட்டா கேஇ70. பிறவியில் 1.3 லிட்டர், சாதுவான குடும்பக் கார். ஆனால் எடை குறைவு, பின்சக்கர இழுவை. ஜப்பானில் பாதியாக அறுத்து அனுப்பிய காரின் இயந்திரம் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும். அதைத் தூக்கி இதில் வைத்துவிட்டால் சாது மிரளும். மிரண்டால் செம்பனைக் காடும் கொள்ளாது.

அவருடைய சொந்த வண்டியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அடிக்க வருவார். ஞாயிறு காலை பானெட்டைத் திறப்பார். மாலையில் சோக்கை இழுத்து, முருகனைக் கூப்பிட்டு, ஒருமுறை உறும வைப்பார். தெருவே புகை.

"புதுசுல வழுக்கினா காடியே பிடிச்சுக்குதாம். அப்புறம் ஓட்டுறவன் எதுக்கு?"

திங்கள் காலை வேலைக்குக் கிளம்புவது அண்ணியின் மைவியில். ஆட்டோ கியர். ரிவர்ஸ் கேமராவைப் பார்த்துத்தான் கேட்டைத் தாண்டுகிறார்.